பேட்மிண்டன் ராக்கெட்டில் 28 பவுண்டு போட்ட பிறகு கிளியர் பின்கோட்டுக்கே போகவில்லை: எந்த ஸ்ட்ரிங், எத்தனை பவுண்டு?

பின்கோட்டுக்காரன்:

வணக்கம் மக்களே. கட்டிங் போடுவது பற்றி ஒரு சந்தேகம். பேட்மிண்டன் ராக்கெட்டில் ஸ்ட்ரிங் பின்னும் கட்டிங்தான், வேறு கட்டிங் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் அப்படியே திரும்பிவிடலாம்.

ஒன்றரை வருடமாக ஆடுகிறேன். வாரத்துக்கு நாலு நாள், பெரும்பாலும் இரட்டையர். ராக்கெட் 4யூ என்ற எடை வகை, கொஞ்சம் தலைக்கனம் பிடித்தது. கூம்புக்குப் பக்கத்தில் 20-28 பவுண்டு, அதாவது ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் அளவு, என்று அச்சடித்திருக்கிறது. முதலில் பிஜி65 என்ற ஸ்ட்ரிங்கை 23 பவுண்டில் போட்டிருந்தேன், ஏழு மாதம் ஆகியும் அறுகவே இல்லை, ஆனால் கடைசியில் அடித்தால் சத்தமே வராமல் பொத்து பொத்து என்று இருந்தது. கூட ஆடும் ஒருவர், நல்லா ஆடுபவர், "ஸ்மாஷ் பவர் வேணும்னா மெல்லிசா போடு, 28 ஏத்து" என்றார். அவர் பேச்சைக் கேட்டு பிஜி66 அல்டிமேக்ஸை 28-ல் போட்டேன்.

முதல் நாள் சத்தம் கேட்டு எனக்கே புல்லரித்தது. பட்டாசு மாதிரி. ஆனால் இரண்டாவது கேமிலேயே தெரிந்துவிட்டது, பின்கோடு வரை உயரத் தூக்கி அடிக்கும் என் கிளியர் எல்லாம் எதிராளியின் பாதிக் கோர்ட்டிலேயே இறங்குகிறது, பேக்ஹேண்ட் கிளியர் கேட்கவே வேண்டாம். ஒரு வாரத்தில் முழங்கைக்கு வெளிப்பக்கம் லேசாக வலிக்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் டக்கென்று அறுந்தது, மேல் பக்கம், ஃபிரேமை ஒட்டி. அறுந்து நாலு நாள் ஆகிறது, ராக்கெட் பையில் அப்படியே கிடக்கிறது, அடுத்து என்ன போடுவது என்று முடிவு செய்யாமல் ஸ்ட்ரிங் போடுபவரிடம் போக மனசில்லை.

கேள்வி இதுதான். டென்ஷன், அதாவது ஸ்ட்ரிங்கின் இறுக்கம், ஏற்றினால் பவர் கூடும் என்று சொன்னார்களே, எனக்கு மட்டும் ஏன் குறைந்தது? திரும்ப பிஜி65-க்கே போவதா, இல்லை அல்டிமேக்ஸையே 25-க்கு இறக்கிப் போடுவதா?


நாலுமுடிச்சு:

முதலில் ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. இதைப் படித்து முடிக்கும் முன்பே கத்தரிக்கோல் எடுத்து மிச்சம் இருக்கும் ஸ்ட்ரிங்கை வெட்டிப் போடுங்கள். நாலு நாளா பையில் அப்படியே கிடக்கிறதா! நீள வாக்கில் 22 இழை, ஒவ்வொன்றும் 28 பவுண்டு என்றால் 616 பவுண்டு, கிட்டத்தட்ட 280 கிலோ இழுப்பு அந்த மெல்லிசான கார்பன் வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும் வரை ஃபிரேம் தாங்கும். ஒரு இழை அறுந்தால் அந்த இடத்தில் மட்டும் பிடி விட்டுப்போகிறது, மற்ற இடத்தில் அதே இழுப்பு. கோணிப்போன ராக்கெட், ஆடாமல் பையில் இருந்தபடியே விரிசல் விட்ட ராக்கெட் எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கிறது. வெட்டும்போதும் ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக வெட்டக் கூடாது. நடுவில் ஆரம்பித்து, நெடுக்கில் இரண்டு குறுக்கில் இரண்டு என்று மாற்றி மாற்றி வெளிப்பக்கம் போக வேண்டும்.

வெட்டியாச்சா? சரி, இப்போது பேசலாம்.

டென்ஷன் ஏற்றினால் பவர் கூடும் என்பது பாதி உண்மை, அந்தப் பாதியும் உங்களுக்குப் பொருந்தாத பாதி. ஸ்ட்ரிங் தளர்வாக இருந்தால் கார்க் பட்டதும் நன்றாக உள்வாங்கித் திருப்பித் தள்ளும், உங்கள் கை செய்யாத வேலையைக் கொஞ்சம் அது செய்துகொடுக்கும். இறுக்கினால் அந்த உதவி போய்விடும். பலகையில் அடிக்கிற மாதிரி. அப்போது ஷட்டில் பறக்க வேண்டிய வேகம் முழுவதும் உங்கள் ஸ்விங்கிலிருந்தே வர வேண்டும். அந்த வேகம் உள்ளவருக்கு 28-ல் லாபம் உண்டு, எங்கே வைக்க நினைக்கிறாரோ அங்கே போகும், பட்ட உடனே கிளம்பும். இல்லாதவருக்கு ஷட்டில் பாதியில் இறங்கும், அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக வீசுவார், கிரிப்பை நசுக்கிப் பிடிப்பார், முழங்கை பேச ஆரம்பிக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வலி இரண்டு வாரத்தில் போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், ஸ்ட்ரிங் மாற்றினால் எல்லா வலியும் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, ஸ்வீட் ஸ்பாட், அடி சரியாக எடுபடும் நடு இடம். இறுக்க இறுக்க அது சுருங்கும். 23-ல் இரண்டு விரல் தள்ளிப் பட்டாலும் மன்னித்துவிடும், 28-ல் மன்னிக்காது. மேலே ஃபிரேமை ஒட்டி அறுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது ஸ்ட்ரிங் தேய்ந்து அறுந்ததல்ல. தேய்ந்து அறுவது நடுவில், அடிக்கிற இடத்தில் நடக்கும். ஓரத்தில் அறுந்தால் தவறிப் பட்ட அடி, இல்லையென்றால் அந்த இடத்து குரோமெட் (ஃபிரேம் துளைக்குள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய்) உடைந்து கார்பன் விளிம்பு இழையை அறுத்திருக்கும். ஸ்ட்ரிங் போடக் கொடுக்கும்போது மேல் பக்க குரோமெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் 24. ஸ்ட்ரிங் எதுவென்று மற்றவர்கள் சொல்வார்கள், அதில் ஆளுக்கொரு மதம்.


முன்வலை:

அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், இரட்டையர் ஆடுபவர் ஃபிரேமில் எழுதியிருக்கும் உச்சபட்சத்தில் போட்டால் ஒரு நாள் பார்ட்னரின் ராக்கெட்டோடு முட்டும், அன்றைக்கு அழ வேண்டியதுதான். நான் அழுதிருக்கிறேன். 27-ல் இருந்த என் ராக்கெட் நடுவில் வந்த ஒரு ஷட்டிலுக்கு இரண்டு பேரும் போய் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், 2 மணி நிலையில் மயிரிழை விரிசல். பார்ட்னருடையது 22. அதில் கீறல் மட்டும். இப்போது 24-க்கு மேல் போவதில்லை, வலைக்கு முன்னால் நிற்பவனுக்கு அதற்கு மேல் எதற்கு?


ஒத்தை_ஆட்டக்காரன்:

நான் கொஞ்சம் முரண்படுகிறேன். டென்ஷன் விஷயத்தில் சரி, 28 அதிகம்தான். ஆனால் மெல்லிய ஸ்ட்ரிங் மேல் பழி போடாதீர்கள்.

பிஜி65 0.70 மி.மீ., பிஜி80 0.68, அல்டிமேக்ஸ் 0.65, எக்ஸ்போல்ட் 63 என்பதில் அந்த எண்ணே 0.63-ஐத்தான் சொல்கிறது. ஏரோபைட் இன்னும் விசித்திரம், நெடுக்கில் 0.67, குறுக்கில் 0.61 என்று இரண்டு தடிமன். 0.70-க்கும் 0.65-க்கும் வித்தியாசம் 0.05 மி.மீ.தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பளவுக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இழையின் குறுக்குவெட்டு சுமார் 14 சதவீதம் குறைகிறது. அதே இழுப்பை அவ்வளவு குறைந்த நைலான் தாங்குகிறது. அதனால்தான் சீக்கிரம் அறுகிறது, அதனால்தான் அப்படித் துள்ளவும் துள்ளுகிறது. இரண்டும் ஒரே காரணம், ஒன்றை விட்டு ஒன்றை வாங்க முடியாது.

இவருடைய குறை என்ன? கிளியர் பின்னால் போகவில்லை. அப்படியானால் துள்ளல் உள்ள ஸ்ட்ரிங்தானே வேண்டும்? திரும்ப பிஜி65-க்கே போகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அல்டிமேக்ஸை 24-ல் போட்டு ஆடிப் பார்க்கட்டும், அதே ஸ்ட்ரிங்கா என்று அவருக்கே சந்தேகம் வரும். 28-ல் அவர் அந்த ஸ்ட்ரிங்கை ஆடவே இல்லை, அது அவரை ஆடியது.

பிஜி80 பக்கம் மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம். தொட்டால் கட்டையாக இருக்கும், கை வேகம் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டைத்தன்மை பிடிக்கும், முழங்கை வலியோடு இருப்பவருக்கு அது எதற்கு.


நாலுமுடிச்சு:

ஒத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் வந்து நிற்கப் போவது ஒத்தை அல்ல, இவர். ஓரத்தில் பட்டு அறுக்கிற ஆள் 0.65 போட்டால், டென்ஷன் 24 ஆனாலும் 20 ஆனாலும், பர்ஸ்தான் மெலியும். அடி நடுவில் பட ஆரம்பிக்கும் வரை 0.68 முதல் 0.70 வரை உள்ளதில் இருப்பது நல்லது. பிஜி65 பொத்து என்று இருந்ததற்குக் காரணம் பிஜி65 அல்ல, ஏழு மாதம்!

நைலான் அறுகிற வரை நன்றாக இருக்கும் என்று நினைப்பது பெரிய தப்பு. போட்ட முதல் 24 மணி நேரத்திலேயே நன்றாக இறங்கிவிடும், அப்புறம் ஆடினாலும் ஆடாவிட்டாலும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். பூட்டிய காருக்குள் வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம். 23-ல் போட்டது ஏழாவது மாதம் எத்தனையில் இருந்ததோ. அந்தத் தளர்ச்சியிலிருந்து நேரே புது 28-க்குப் போனால் கை என்ன செய்யும் பாவம். ஒரு தடவைக்கு ஒரு பவுண்டு, மிஞ்சிப்போனால் இரண்டு, அதற்கு மேல் ஏற்றவே கூடாது.

தேய்மானம் பார்க்க ஒரு சின்ன வழி. ராக்கெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நடுவில் ஒரு இழையை விரலால் லேசாக நகர்த்துங்கள். குறுக்கு இழை உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும், நகத்தால் தடவினால் தட்டும். அடுத்த கட்டத்தில் மேல்பூச்சு உரிந்து உள்ளே இருக்கும் நார் பஞ்சு மாதிரி எட்டிப்பார்க்கும். அந்தப் பஞ்சைப் பார்த்துவிட்டால் அறுகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அது மேட்ச் பாயிண்டில்தான் அறுகும்.


சுருதிப்பெட்டி:

டென்ஷன் இறங்கியதைக் காதால் கண்டுபிடிக்கலாம். போனில் அதிர்வெண் காட்டும் செயலி ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஸ்ட்ரிங் போட்டு வாங்கிய அன்றே நடுவில் வேறொரு ராக்கெட்டின் கைப்பிடியால் தட்டி வருகிற ஹெர்ட்ஸை எழுதி வையுங்கள். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் போகும் என்பதால் ஹெர்ட்ஸ் 5 சதவீதம் இறங்கினால் டென்ஷன் ஏறக்குறைய 10 சதவீதம் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தம்புராவில் பிருடையைத் திருப்புவதும் இதே சங்கதிதான், அங்கே இறக்கம் உடனே காதில் உறுத்தும், இங்கே ஷட்டில் பின்னால் போகிற வரை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த அளவை அதே ராக்கெட், அதே ஸ்ட்ரிங்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். மெல்லிய இழைக்கு எடை குறைவு, அதே பவுண்டில் சுருதி மேலே நிற்கும். "உன்னுடையதை விட என்னுடையது கீச்சென்று கேட்கிறது, அதனால் என் டென்ஷன் அதிகம்" என்று சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டும் 25.

கேள்வி கேட்டவர் புல்லரித்தது என்று எழுதிய அந்தப் பட்டாசுச் சத்தமும் பாதி இதுதான். சத்தம் காதுக்கு, பவர் எதிர்க் கோர்ட்டுக்கு.


பின்கோட்டுக்காரன்:

அண்ணே வெட்டிட்டேன். கத்தரிக்கோல் வைத்ததும் ஒவ்வொன்றும் சுளீர் என்று தெறித்தது, 280 கிலோ என்று நீங்கள் சொன்ன பிறகு கொஞ்சம் பயந்துகொண்டேதான் வெட்டினேன். ஃபிரேம் கோணவில்லை, மேசையில் வைத்துப் பார்த்தேன்.

மேல் பக்கம் ஒரு குரோமெட் நிஜமாகவே நசுங்கி வாய் பிளந்திருக்கிறது. அறுந்த இடத்துக்கு நேராக.

இரண்டு சந்தேகம். ஒன்று, என் நண்பர் 28-ல் ஜாலியாக ஆடுகிறாரே, தொழில்முறை வீரர்கள் 30-க்கு மேலேயும் போடுவதாகக் கேள்வி, கடைசியில் நானும் அங்கேதானே போக வேண்டும்? இரண்டு, ஸ்ட்ரிங் போடுபவர் "நெடுக்கு 24, குறுக்கு 26 போடட்டுமா" என்று கேட்டார், புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.


ஒத்தை_ஆட்டக்காரன்:

முதல் கேள்விக்கு நான். சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி 2023-ல் 565 கி.மீ. வேகத்தில் ஸ்மாஷ் அடித்து கின்னஸில் ஏறினாரே, அதே ராக்கெட்டை அதே டென்ஷனோடு அப்படியே வாங்கி உங்கள் கையிலோ என் கையிலோ கொடுத்தால் ஷட்டில் வலையைத் தாண்டினாலே பெரிய விஷயம். மேல்மட்டத்தில் தினம் மணிக்கணக்காக ஆடுகிறார்கள், நடுவில் மட்டுமே பட அடிக்கிறார்கள், இழை தளர்ந்தால் அடுத்த ராக்கெட் பையில் தயாராக இருக்கிறது. அவர்களுக்கு ஷட்டில் வேகம் பிரச்சினையே இல்லை, அதைக் கட்டுப்படுத்துவதுதான் பிரச்சினை. நமக்கு நேர் எதிர்.

"அங்கேதானே போக வேண்டும்" என்பது தேர்வு எழுதி வகுப்பு ஏறுகிற மாதிரி இல்லை. நான் எட்டு வருடமாக ஆடுகிறேன், 26-ல் நிற்கிறேன், ஒருமுறை 27 போட்டு இரண்டு வாரம் நல்ல பிள்ளை மாதிரி ஆடிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். எப்போது ஏற்றலாம் என்றால், பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு அலட்டிக்கொள்ளாமல் கிளியர் போய், அதுவும் அடிக்கடி வெளியே விழ ஆரம்பித்தால் அப்போது ஒரு பவுண்டு ஏற்றிப் பாருங்கள். வெளியே விழாதவருக்கு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.


நாலுமுடிச்சு:

குறுக்கு விஷயம். தலையாட்டியது தப்பில்லை, அவர் விவரம் தெரிந்தவர்தான்.

ஸ்ட்ரிங் போடும்போது முதலில் நெடுக்கு இழைகளை எல்லாம் இழுக்கிறோம். அப்போது ஃபிரேமின் தலையும் கழுத்தும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு வளையம் கொஞ்சம் அகலமாகப் பார்க்கும். மெஷினில் ஆறு இடத்தில் பிடித்திருப்பதே அது அளவுக்கு மீறிப் போகாமல் இருக்கத்தான். அப்புறம் குறுக்கு இழைகளை ஏறி இறங்கிப் பின்னுகிறோம், அவை பக்கவாட்டை உள்ளே இழுத்து வளையத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. பின்னும்போது ஒவ்வொரு நெடுக்கு இழையிலும் உரசுவதால் இழுத்ததில் கொஞ்சம் உராய்விலேயே போய்விடும். அதற்காகத்தான் குறுக்கில் ஒன்று அல்லது இரண்டு பவுண்டு கூட்டிப் போடுவது. ஆக நீங்கள் 24 என்று சொன்னால் அது 24/26 ஆக வரலாம், 24/25 ஆகவும் வரலாம். இதை யோசித்துப் பார்த்தால் 28 உச்சம் என்று எழுதிய ஃபிரேமில் 28 கேட்டால் குறுக்கு 30-க்குப் போயிருக்கும், கேட்டீர்களா அவரிடம்?

இதே மாதிரி மெஷினுக்கு மெஷின் பவுண்டு மாறும். எலக்ட்ரானிக் மெஷின், இழையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போடும் வரை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். கையால் சுற்றுகிற மெஷின் சொன்ன எண் வந்ததும் பூட்டிக்கொள்ளும், பூட்டிய நொடியே இழை நெகிழ ஆரம்பிக்கும். இரண்டிலும் 24 என்றுதான் சொல்வோம், கையில் வாங்கினால் ஒன்றாக இருக்காது. அதனால் எண்ணைப் பிடித்துத் தொங்காமல் ஒரே ஆளிடம், ஒரே மெஷினில் போடுங்கள். அங்கே 24 பிடித்தால் அதுதான் உங்கள் 24.

முடிச்சு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் பெயரை இப்படி வைத்துக்கொண்டு சொல்லாமல் விட முடியாது. பத்து மீட்டர் இழையை ஒரே துண்டாகப் போட்டால் இரண்டு முடிச்சு, நெடுக்கு குறுக்கு தனித்தனியாகப் போட்டால் நாலு. நாலு போட்டால் குறுக்கை மேலிருந்து கீழே பின்னிக்கொண்டு வரலாம், எனக்கு அது பிடிக்கும். இரண்டு முடிச்சில் போட்டவர்கள் எல்லாம் தப்பாகப் போடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், வெளியில்.


பின்கோட்டுக்காரன்:

போட்டாச்சு. பிஜி65, 24/25, நசுங்கின குரோமெட்டோடு பக்கத்தில் இருந்த இரண்டும் மாற்றியாச்சு. ஒத்தை அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், அல்டிமேக்ஸ் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன், இது தேய்ந்ததும் அது.

மூன்று நாள் ஆடிவிட்டேன். முதல் கிளியரே பின்கோட்டைத் தாண்டி வெளியே போனது, பார்ட்னர் முறைத்தார், எனக்கு மட்டும் சந்தோஷம். இரண்டு வாரம் வீசின வேகத்திலேயே இப்போதும் வீசுகிறேன் போல, அது தானாக அடங்கும் என்று நினைக்கிறேன். பட்டாசுச் சத்தம் போய்விட்டது, அது கொஞ்சம் வருத்தம்தான். முழங்கை ஆடும்போது வலிக்கவில்லை, மறுநாள் காலையில் மட்டும் இழுத்துப் பிடிக்கிறது, இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகிறேன்.

சுருதிப்பெட்டி சொன்ன மாதிரி தட்டிப் பார்த்து எழுதி வைத்தேன். வாங்கிய அன்று மாலை வந்த எண்ணை விட மறுநாள் காலை ஏற்கெனவே இறங்கியிருந்தது, ஒரு ஷட்டில்கூட அடிக்கவில்லை!


முன்வலை:

அது அப்படித்தான். மறுநாள் எண்ணையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாள் எண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டால் வேறு டென்ஷன் ஏறும்.